ரைஃபிள் கேஸ் வெட்டும் மோட்டார் ட்ரிம்மர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ரைஃபிள் தோட்டாக்களைச் சொந்தமாக ரீலோட் செய்பவர்களிடம், அதாவது சுட்ட கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) மறுபடி வெடிமருந்தும் குண்டும் நிரப்புபவர்களிடம், மிகவும் சலிப்பான வேலை எது என்று கேட்டால், பெரும்பாலும் கேஸின் நீளத்தை வெட்டிச் சரிசெய்யும் கேஸ் ட்ரிம்மிங் என்றுதான் பதில் வரும். மருந்து அளப்பதிலும் குண்டைப் பொருத்துவதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பித்தளைக் கேஸின் வாயை மயிரிழை அளவுக்குச் சீவி, உள்பக்கம் ஒருமுறை, வெளிப்பக்கம் ஒருமுறை பிசிர் எடுத்து, அடுத்த கேஸை எடுப்பதில் என்ன இருக்கிறது? கையால் சுற்றும் ட்ரிம்மரில் நெடுநாள் ஓட்டிவிட்டு, மேசையில் நிற்கும் மோட்டார் மெஷினுக்கு மாறினேன். .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்ற இரண்டு தோட்டா வகைகளுக்கும் சில வருடங்களாக அதுதான்.

எதற்காக வெட்ட வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸ் பித்தளை ஏறக்குறைய 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம், நன்றாக இழுபடும். சுடும்போது, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் அளவுக்கு விரிகிறது. பிறகு அதைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சான சைஸிங் டையில் போட்டு இறுக்கும்போது, பிதுங்க வேறு வழியில்லாமல் முன்பக்கமாக நீள்கிறது. டையின் நடுவில் இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை வெளியே வரும்போது கழுத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். .223 கேஸின் அதிகபட்ச நீளம் 1.760 அங்குலம் (44.70 மி.மீ.), வெட்ட வேண்டிய அளவு 1.750 அங்குலம். .308-க்கு 2.015 (51.18 மி.மீ.), வெட்டுவது 2.005. அதிகபட்சத்தைத் தாண்டிய கேஸின் வாய், அறையின் கழுத்து முடியும் இடத்தில் போய் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். குண்டு எளிதாக வெளியேற முடியாவிட்டால் அழுத்தம் எகிறும். அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை இது.

என்னிடம் இருப்பது தோளை, அதாவது கேஸின் உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவை, பிடித்து அளக்கும் வகை. கேஸைத் தலைகீழாக ஹோல்டருக்குள் கையால் தள்ள வேண்டும். கேஸின் தோள் ஹோல்டரின் உள்சரிவில் போய் உட்காரும்; அதற்கு மேல் போகாது. அந்த ஆழத்தில் ஒரு கார்பைட் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும். நீளத்தை வெட்டுவது, உள்பக்கம் சரிவு எடுப்பது, வெளிப்பக்கப் பிசிர் எடுப்பது மூன்றையும் அது ஒரே தள்ளலில் முடித்துவிடும். கையால் செய்தால் மூன்று கருவிகள் மாறும் வேலை, இங்கே சில நொடி. உண்மையில் காசு கொடுப்பது இந்த மூன்று-ஒன்று பிளேடுக்குத்தான், மோட்டாருக்கு இல்லை. நீளத்தை மட்டும் வெட்டித் தரும் மோட்டார் மெஷினும் கிடைக்கிறது. அதை வாங்கினால் பிசிர் எடுக்கும் வேலை அப்படியே கையில் நிற்கும். பாதிச் சலிப்பு கூடத் தீராது.

முதல் செட்டிங்குக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. முதலில் பிளேடு. அதைப் பக்கவாட்டில் நகர்த்தினால் உள்சரிவும் வெளிச்சரிவும் ஒன்றுக்கொன்று மாறும். ஒருபக்கம் அதிகமாகப் போனால் வாயின் உள்ளே கத்தி முனை போல ஆகிவிடும். மறுபக்கம் போனால் வெளியே பிசிர் அப்படியே இருக்கும். வாயின் விளிம்பில் மெல்லியதாக ஒரு தட்டை வளையம் மிஞ்ச வேண்டும். அதுதான் நான் பார்க்கும் அடையாளம். பிளேடை முடித்த பிறகுதான் நீளத்தில் கை வைக்க வேண்டும், ஏனென்றால் பிளேடை நகர்த்தினால் நீளமும் நகரும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டையும் மறுபடி மறுபடி துரத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நீளத்துக்கு, ஹோல்டரை வேண்டுமென்றே தள்ளி வைத்து, அதாவது கேஸ் நீளமாகவே வரும்படி வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகிக்கொண்டு வர வேண்டும். வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஹோல்டரை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கும்போது புரிகளுக்கு இடையே இருக்கும் தளர்வு போய், செட்டிங் சற்றே நகரும். அதனால் இறுக்குவதற்கு முன் எடுத்த அளவை நம்பக் கூடாது. இறுக்கி, வெட்டி, காலிப்பரில் (நீளம் அளக்கும் கருவி) பார்த்து, தளர்த்தி, மறுபடி. ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் அந்த ஹோல்டரைத் தொடவே வேண்டாம். இரண்டு தோட்டா வகைக்கும் தனித்தனி ஹோல்டர், தனித்தனி லாக் நட் வைத்திருப்பவர்களுக்கு மாற்றும் வேலை பெரிதாக இராது. மாற்றிய பின் முதல் கேஸை மட்டும் அளந்து பார்த்தால் போதும்.

இந்த வகை மெஷினைப் பற்றி நிறையப் பேர் சொல்லும் புகார், 'எல்லாக் கேஸும் ஒரே நீளத்தில் வரவில்லை' என்பது. காலிப்பரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு அங்குலம் ஏறி இறங்குகிறது என்பார்கள். பெரும்பாலும் தவறு மெஷினில் இல்லை. காலிப்பர் அளப்பது கேஸின் அடியிலிருந்து வாய் வரை. மெஷின் அளப்பது தோளிலிருந்து வாய் வரை. சைஸிங் டை ஒவ்வொரு கேஸின் தோளையும் ஒரே இடத்தில் விடவில்லை என்றால், அந்த வித்தியாசம் அப்படியே மொத்த நீளத்தில் வந்து நிற்கும். தோளின் இடத்தை அளக்கும் கம்பாரேட்டரைக் காலிப்பரில் மாட்டிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்: தோள் எவ்வளவு சிதறியிருக்கிறதோ, நீளமும் ஏறக்குறைய அவ்வளவே சிதறியிருக்கும்.

இன்னும் ஒன்று. ரிம் (அடியில் வெளியே நீட்டிய விளிம்பு) இல்லாத, தோளுள்ள கேஸ் அறைக்குள் போய் நிற்பது தோளில்தான். எனவே அதன் வாய் எங்கே போய் முடியும் என்பதைத் தீர்மானிப்பது தோளுக்கும் வாய்க்கும் உள்ள தூரம். அதைத்தான் இந்த மெஷின் பிடித்து வைக்கிறது. காலிப்பர் காட்டும் சின்னச் சிதறலைப் பார்த்துப் பதறுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ட்ரிம்மரை விட்டுவிட்டு, டையைப் பாருங்கள். சைஸிங்குக்குத் தடவும் லூப்ரிகன்ட் ஒரே அளவாகப் போகிறதா, டையை மாட்டியிருக்கும் பிரஸ்ஸின் நெம்புகோலை ஒவ்வொரு முறையும் கடைசி வரை அழுத்துகிறோமா, பலமுறை சுட்டு இறுகிப்போன பித்தளையும் புதுப் பித்தளையும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறதா என்று பார்த்தால் விடை பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். சைஸ் செய்யாத கேஸை இதில் போடுவது வீண்வேலை என்பதும் இதனால்தான். கேஸின் அடியைப் பிடித்து வெட்டும் ஃபார்ஸ்டர் நிறுவனத்தினுடையது போன்ற கை லேத் வகைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் ஒவ்வொரு கேஸையும் மாட்டிக் கழற்ற வேண்டும்.

டைக்கு அடுத்த எதிரி அழுக்கு. சைஸிங்குக்குத் தடவிய மெழுகு தோளில் ஒட்டியிருந்தால், பித்தளைச் சீவல் அதில் பிடித்துக்கொள்ளும். ஹோல்டரின் சரிவில் ஒரு சீவல் படிந்தால் அடுத்து வரும் கேஸ் முழுதாக உட்காராது, நீளமாக வெளியே வரும். அதனால் சைஸ் செய்த பின் கேஸ்களைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ட்ரிம்மருக்குக் கொண்டுபோவேன். நடுநடுவே ஹோல்டருக்குள் சின்ன பிரஷ்ஷை விட்டுத் தட்டிவிடுவேன். வெட்டி முடித்ததும் கேஸைக் கவிழ்த்துத் தட்டுவதும் அவசியம், உள்ளேயும் சீவல் விழுகிறது.

மேசை முழுக்கப் பொன்னிறத் தூள் பறப்பதற்கு மட்டும் தீர்வே கிடையாது. பித்தளையைக் காந்தம் இழுக்காது. ஆகையால் காந்தத் தட்டெல்லாம் பயனில்லை. சீவல் வெளியேறும் வாய்க்குக் கீழே ஒரு டப்பா, பக்கத்தில் அட்டைத் தடுப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் மெஷினை ஓட விடவே கூடாது. சட்டைக் கையில் ஒட்டிய சீவல் எப்படியோ சாப்பாட்டு மேசை வரை வந்துவிடும், அதற்கு வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விளம்பரத்தில் யாரும் சொல்லாத விஷயம் விரல்வலி. பிளேடு சுற்றும்போது கேஸையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதை இறுக்கிப் பிடித்தே இருக்க வேண்டும். ஒரு பெரிய டப்பா .223 முடிப்பதற்குள் விரல்நுனி காந்தும். தாள் எண்ணுபவர்கள் போடும் ரப்பர் விரலுறை இதற்கு மிகவும் உதவுகிறது. வேகமாக ஓங்கித் தள்ளினால் வாயில் அலை அலையாக வரி விழும். மெதுவாகத் தொட்டு, அழுத்தி, வெட்டும் சத்தம் அடங்கும் வரை வைத்திருந்து, வெளியே எடுக்கும் முன் கால் சுற்று திருப்பினால் வாய் மழமழவென்று வரும். காது பழகிவிட்டால் கண் தேவைப்படாது. முன்பு சீராக வந்த இடத்தில் பிசிர் மிஞ்சினாலோ, வழக்கத்தைவிட அதிகம் அழுத்த வேண்டியிருந்தாலோ பிளேடு மழுங்குகிறது என்று பொருள். கார்பைட் என்பதால் அந்த நாள் சீக்கிரம் வருவதில்லை.

மெஷின் வந்த பிறகு என் வழக்கமே மாறிப்போனது. முன்பு ஒவ்வொரு கேஸையும் அளந்து, நீண்டதை மட்டும் பிரித்து வெட்டுவேன். இப்போது அளப்பதைவிட வெட்டுவது சுலபம், எனவே ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மெஷினில் விட்டுவிடுகிறேன். நீளம் குறைவான கேஸை பிளேடு தொடாது, அது பாட்டுக்கு வெளியே வரும்.

இந்தச் சௌகரியத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கேஸ் நீள்வதற்கான பித்தளை எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அதில் ஒரு பங்கு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்து வருகிறது. அங்கே சுவர் மெலிந்துகொண்டே போனால் ஒருநாள் சுடும்போது கேஸ் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். அளந்து பார்த்த காலத்தில், 'இது ரொம்ப நீள்கிறதே' என்று தானாகவே கண்ணில் படும். மெஷின் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கித் தருவதால் அந்த எச்சரிக்கை மறைந்துவிடுகிறது. அதனால் வெட்டும் முன் ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை அளந்து, தொகுதி டப்பாவில் எத்தனை முறை சுட்டது என்று எழுதி வைக்கிறேன். வளைத்த கம்பி முனையை உள்ளே விட்டு, சுவரில் பள்ளம் தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பார்க்கிறேன். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்தக் கேஸ் நேராகக் குப்பைக்கு. சைஸிங் டையை இறக்கி அடிக்காமல், தோளை ஆயிரத்தில் இரண்டு பங்கு அங்குலம் (சுமார் 0.05 மி.மீ.) மட்டும் பின்னே தள்ளும்படி வைத்த பிறகு கேஸ்கள் நீள்வதே குறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கையால் தோட்டாவை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு அது போதும்; தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளுவது பாதுகாப்பு.

யாருக்கு இது வேண்டாம்? வேட்டைக்காக ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெட்டி நிரப்புபவருக்கு நிச்சயம் வேண்டாம். லீ நிறுவனத்தின், நீளத்தை நிர்ணயிக்கும் கம்பி வைத்த சின்ன கட்டரை ஒரு டிரில்லில் மாட்டினால் அவர் வேலை முடிந்துவிடும். நடுத்தரமாகச் சுடுபவர்களுக்கு டிரில்லில் மாட்டும் தோள்-வகை ட்ரிம்மரும் இருக்கிறது. அதில் வாய்ச் சரிவைத் தனியாக எடுக்க வேண்டும், ஆனால் இடத்தை அடைக்காது. பந்தயங்களுக்காக டப்பா டப்பாவாக .223 சுடுபவர்கள் மேசை மெஷினையே வாங்கலாம், தயங்க வேண்டாம். தோளே இல்லாத நேர்ச்சுவர் கேஸ்களை மட்டும் இதில் வெட்ட முடியாது. .45-70 போன்றவற்றுக்கு என் பழைய கைச்சுற்று ட்ரிம்மர்தான் இன்னும் மேசையின் மறு ஓரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது.