பல் மருத்துவமனைக்கு உதவியாளர்: அனுபவம் உள்ளவரா, புதியவரா?

ஒன்றிரண்டு நாற்காலிகளோடு சிறுநகரில் பல் மருத்துவமனை தொடங்குபவருக்கு மூன்று வழிகள் உண்டு: வேறிடத்தில் வேலை பார்த்த உதவியாளரை அழைத்துக்கொள்வது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உள்ளூர்க்காரரைச் சேர்த்துத் தாமே பழக்குவது, பட்டயப் படிப்பு முடித்துப் பதிவு பெற்ற டென்டல் ஹைஜீனிஸ்டை அமர்த்துவது.

மூன்றாவது வழியை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். பல்லைச் சுத்தம் செய்வதும் மெருகேற்றுவதும் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் ஹைஜீனிஸ்டுக்கு வரையறுத்த வேலைகள். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் சாதாரண உதவியாளரிடம் பற்காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலரைக் கொடுக்கவே கூடாது. ஆனால் நாளொன்றுக்குப் பத்துப் பேர் வரும் இடத்தில் அந்த வேலையை மருத்துவரே பார்த்துவிடலாம்.

அனுபவம் உள்ளவர் முதல் நாளே கை கொடுப்பார். எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் குழாயால் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்து, அதே சமயம் மருத்துவர் வாய்க்குள் பிடித்திருக்கும் சிறு கண்ணாடியை மறைக்காமல் இருப்பது புதியவருக்கு வாரக்கணக்கில் பிடிபடாத வித்தை. ஆனால் அவரோடு பழைய இடத்தின் பழக்கங்களும் சேர்ந்தே வருகின்றன. நான் சேர்த்த ஒருவர் மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்; பல் பிடுங்கும் குறடுகளை மூடிய நிலையிலேயே உறையிட்டு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பார். குறட்டின் மூட்டுக்குள் நீராவி சரியாகப் போகாது என்று சொன்னால், உறையின் மேலுள்ள டேப்பில் கோடுகள் கறுத்திருப்பதைக் காட்டுவார். அந்தக் கோடு உறை சூடேறியதைக் காட்டுமே தவிர, உள்ளே கிருமி அழிந்ததற்குச் சான்றாகாது. இதை அவர் மனத்தில் பதியவைக்க, புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிட அதிக நாள் பிடித்தது.

புதியவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் முதல் இரண்டு மாதம் உங்கள் வேலை மெதுவாகும், அந்த நேரத்தையும் செலவாகவே கணக்கிட வேண்டும். சேர்ப்பதற்கு முன் அரை நாள் உட்காரவைத்துப் பாருங்கள். ரத்தத்தைக் கண்டு மயங்குபவர் அதிலேயே தெரிந்துவிடுவார். கூரிய கருவிகளைத் தொடவிடும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மருத்துவமனைச் செலவில் தொடங்கிவிட வேண்டும். 0, 1, 6 மாதங்கள் என மூன்று தவணைகளையும் குறித்துவைத்துப் போடச் செய்வது உங்கள் பொறுப்பு. ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புப் பைக்கு என்ற பிரிப்பையும் முதல் வாரத்திலேயே பழக்கிவிடலாம். மே மாதத்தில், பல் அளவெடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட் கலவை வாயில் வைக்கும் முன்பே இறுகுவதைப் பார்த்து, தண்ணீரைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துவரத் தானாகவே தோன்றும் நாளில், அவர் பாதி உதவியாளராகிவிட்டார் என்று கொள்ளலாம்.

பழக்கிய பிறகு போய்விடுவார்களே என்ற அச்சம் நியாயமானதுதான். தனியாகக் கருவி தயார் செய்யக் கற்றதும் ஒரு ஊதிய உயர்வு, அளவெடுப்புக்கு உதவக் கற்றதும் இன்னொன்று என முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் பெரும்பாலும் தங்குகிறார்கள்.

ஆகவே, ஆறு மாதம் உடனிருந்து கற்றுக்கொடுக்க முடிந்தவருக்குப் புதியவரே மேல் என்பது என் முடிவு. மாலையில் வேறிடங்களுக்கும் சென்று சிகிச்சை அளிப்பவர் அனுபவம் உள்ளவரையே தேடட்டும். ஆனால் முதல் வாரம் முழுவதும் கழுவும் தொட்டியருகே அவரோடு நின்று, ஒவ்வொரு குறட்டையும் திறந்த நிலையில் உறையிடுவதைத் தாமே பார்க்க வேண்டும்.