1,640 பவுண்டு போச்சு, கியர் பெட்டியை யாரும் தொடவே இல்லை

நேற்று மாலை ஆறு மணிக்குத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இங்கிலாந்தில் பழைய கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வேன்) வைத்திருப்பவர்களும் வாங்கும் ஆசையில் இருப்பவர்களும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். பிரச்சினையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்கிறேன்.

என்னுடையது 1974 ஃபோக்ஸ்வேகன் டைப் 2. முன்கண்ணாடி ஒரே வளைவாக இருக்குமே, அந்த பே விண்டோ மாடல். நான்கு வருடம் பணம் சேர்த்து வாங்கியது. இந்த வண்டியில் எஞ்சினும் கியர் பெட்டியும் பின்னால் இருக்கும், கியர் லீவர் முன்னால் இருக்கும். இரண்டையும் இணைப்பது வண்டிக்கு அடியில் ஓடும் நீளமான ராடு. அந்த ராடு ஆடாமல் இருக்க புஷ் என்ற ஒரு சிறு வளையம், பெட்டிக்கு முன்னால் ராடைப் பெட்டியோடு பிணைக்கும் ஒரு கப்ளிங், லீவருக்குக் கீழே தவறிப்போய் ரிவர்ஸ் விழாமல் தடுக்கும் ஒரு ஸ்டாப் பிளேட். இதெல்லாம் எனக்கு நேற்றுதான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் 1,640 பவுண்டு என் வங்கியில் இருந்திருக்கும்.

பிரச்சினை மார்ச்சில் ஆரம்பித்தது. கூழில் அகப்பையை விட்டுத் துழாவுவது போல லீவர் எங்கேயும் பிடிக்காமல் ஆடியது. ஃபர்ஸ்ட் போடப் போனால் தேர்டில் விழும். ரிவர்ஸுக்கு லீவரைக் கீழே அமுக்கி, இடது பக்கம் தள்ளி, பின்னால் இழுக்க வேண்டும். பத்து தடவையில் இரண்டு தடவைதான் விழும். ஒரு நாள் சூப்பர் மார்க்கெட் வாசலில் நானும் மனைவியும் இறங்கி வண்டியைப் பின்னால் தள்ளினோம். மே மாதம் குழந்தைகளோடு வேல்ஸ் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். அதனால் அவசரப்பட்டேன்.

பழைய வண்டிகளை மட்டுமே பார்க்கும் ஒரு கராஜ். பெயரை எழுத மாட்டேன், வழக்கு போடப் போகிறேன். அங்கே போன முதல் நிமிடமே நான் விழுந்துவிட்டேன். உரிமையாளர் வெளியே வந்து வண்டியின் கதவில் கை வைத்து அப்படியே ஒரு நிமிடம் நின்றார். தன் அப்பாவிடமும் இதே மாடல் இருந்தது, கோடை விடுமுறை எல்லாம் அதில்தான் கழிந்தது என்றார். என் மகளைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்து ஹாரன் அடிக்கச் சொன்னார். எனக்குத் தேநீர் கொடுத்தார். இப்படி ஒரு மனிதர் வண்டியைக் கெடுப்பாரா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இறங்கி வந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ வளையம் எல்லாம் தேய்ந்துவிட்டது, பேரிங்கும் போய்க்கொண்டிருக்கிறது. மோட்டார்வேயில் பெட்டி இறுகினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்" என்றார். அப்போது என் மகள் மறுபடி அந்த டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். எந்த அப்பா அதற்கு மேல் கேள்வி கேட்பான்?

ரீகண்டிஷன் செய்த பெட்டி 1,150 பவுண்டு, கூலி 490, மொத்தம் 1,640 பவுண்டு. பழைய பெட்டியை அவர்களே எடுத்துக்கொண்டால்தான் இந்த விலை என்றார். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று சொல்லி முன்பணம் 800 பவுண்டை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது மீதி 840. அன்றைக்கும் மெஷின் வேலை செய்யவில்லை. அதையும் வங்கிக் கணக்குக்கே அனுப்பினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டாவது சிக்னலிலேயே ஃபர்ஸ்ட் விழவில்லை. பின்னால் ஹாரன் சத்தம்.

போன் செய்தேன். "புதுப் பெட்டி, 500 மைல் ஓடினால் பழகிவிடும்" என்றார். சரி என்று ஒரு வாரம் ஓட்டினேன். மறுபடி போன் செய்தபோது கிளட்ச் கேபிளைக் குறை சொன்னார், அது தனி வேலை, தனிக் காசு என்றார். மூன்றாவது முறை, "நீங்கள் பழைய வண்டி ஓட்டிப் பழகாதவர்" என்றார். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. பதினெட்டு வயதில் அம்பாசடரில் ஓட்டப் பழகியவன் நான். அப்புறம் போனை ரிசப்ஷனில் இருந்த பெண் மட்டும்தான் எடுத்தார். "அவர் வெளியே போயிருக்கிறார், கூப்பிடச் சொல்கிறேன்." ஆறு முறை இதே பதில்.

நேற்று எங்கள் பகுதி அண்ணா ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டன் பஸ் டிப்போவில் பல வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும், "தம்பி, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு கியரைப் போடுங்கோ பாப்பம்" என்றார். எஞ்சின் ஓடாதபோதும் கியர் விழவில்லை. "அப்ப பிழை கிளட்சில இல்லை" என்றார். எஞ்சின் அணைந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால்தான் கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்று சந்தேகப்பட வேண்டுமாம். அதற்கு முதலில் பெடலில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் சிங்க்ரோ. ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாக வெளியே குதித்தால் பெட்டிக்குள் தேய்மானம் இருக்கலாம். எல்லாக் கியரும் தேடித் தேடி விழுந்தால் முதலில் ராடைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை அவருக்கு.

ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி அடியில் படுத்தார். ராடு புஷ் நொறுங்கிப் பொடியாகக் கிடந்தது. கப்ளிங் ரப்பர் பிய்ந்து தொங்கியது. வண்டிக்கு 40 வயது தாண்டிவிட்டதால் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, 2018 மே முதல் அப்படித்தான். வருடக்கணக்கில் யாரும் அடியில் எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு உதிரிபாகமும் சேர்த்து 40 பவுண்டுக்குள் கிடைக்கும் என்றார்.

அடியில் படுத்தபடியே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தம்பி, இந்தப் பெட்டியை ஒருத்தரும் கழட்டேல்லை" என்றார். நானும் படுத்துப் பார்த்தேன். பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் மேல் கல்லாக இறுகிய பழைய அழுக்கு, ஒரு ஸ்பேனர் தடம்கூட இல்லை. முன்னாள் உரிமையாளர் கொடுத்த கோப்பில் பெட்டியில் பொறித்த எண்ணின் புகைப்படம் இருந்தது. ஓடிப் போய் எடுத்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். அதே எண். மூன்று வாரம் என் வண்டி அவர்கள் முற்றத்தில் சும்மா நின்றிருக்கிறது. அதற்கு 1,640 பவுண்டு.

இன்று காலை புகைப்படங்களோடு கடிதம் அனுப்பிவிட்டேன். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டு 14 நாள் கெடு கொடுத்திருக்கிறேன். அதற்குள் பணம் வராவிட்டால், சிறு தொகைகளுக்காகப் போடும் சிறு உரிமைகோரல் வழக்கு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அட்டை நிறுவனத்திடமும் கேட்டிருக்கலாம். 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்கும் வேலைக்கும் 1974 நுகர்வோர் கடன் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. வங்கிக்கு நேரே அனுப்பியவனுக்கு அது கிடையாது. மெஷின் ஏன் இரண்டு முறையும் கெட்டுப்போனது என்று இப்போது புரிகிறது.

எழுத எழுதக் கை நடுங்குகிறது, விவரமாகச் சொல்ல முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்காமல் பெட்டி போச்சு என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கொடுக்கும் முன் பெட்டி எண்ணைப் படம் எடுங்கள். பழைய பாகத்தைக் கண்ணால் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். இதே போல யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள், என் கடிதத்தின் நகலை அனுப்புகிறேன்.