கிறிஸ்துமஸ் அலங்காரம் எடுத்துவைக்கும் நான்கு பொருள் தொகுப்பு: எதை வாங்கலாம், எதை விடலாம்

கிறிஸ்துமஸ் அலங்காரத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்த இணையக் கடைகளில் விற்கும் தொகுப்புக்குப் பெயர் பல, சரக்கு ஏறக்குறைய ஒன்றே. செயற்கை மரத்துக்கு ஒரு நீளப்பை, 64 அறைகள் கொண்ட பந்துப்பெட்டி, கதவில் மாட்டும் பச்சை வளையத்துக்கு ஒரு வட்டப்பை, சீரியல் செட் சுற்றிவைக்க மூன்று பிளாஸ்டிக் ரீல். துணியும் கைப்பிடித் தையலும்தான் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகின்றன. பெட்டி நன்று, மரப்பை பரவாயில்லை, மற்ற இரண்டும் இல்லாமலே காரியம் நடக்கும். பெரிய குறை வேறொன்று. பிளாஸ்டிக் மரமும் கண்ணாடிப் பந்தும் மட்டுமே கிறிஸ்துமஸ் என்று நினைத்துத் தைத்த தொகுப்பு இது. குடிலுக்கோ, ஸ்வீடன்காரர்கள் வைக்கும் வைக்கோல் ஆட்டுப் பொம்மைக்கோ, காகித ஸ்டாருக்கோ இதில் இடமே இல்லை.

மரப்பையின் வழக்கமான அளவு 48 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 20 அங்குல உயரம். ஏழரை அடி மரம் வரை கொள்ளும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஒல்லி மரத்துக்கு அது சரி. கிளை அடர்ந்த மரமென்றால் ஆறரை அடிக்கு மேல் ஜிப் மூட மறுக்கும். அழுத்தி மூடினால் ஜிப் வளையும் மூலைதான் முதலில் பிரியும். பெரிய மரம் வைத்திருப்பவர்கள் 65 அங்குலப் பையைத் தனியாக வாங்குவதே நல்லது. துணியில் 600 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆக்ஸ்ஃபோர்டு ரகம் நீடித்து உழைக்கும். நெய்யாத பாலிபுரொப்பிலீன் துணி வெயில் படும் இடத்தில் சில வருடங்களில் பொடியாக உதிரும். வாங்குமுன் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள்: பட்டை பையின் அடிவரை சுற்றிவந்து தைக்கப்பட்டிருந்தால் எடை தாங்கும், பக்கவாட்டில் நான்கு விரற்கடை மட்டும் தைத்திருந்தால் தூக்கும்போது துணியோடு கிழியும்.

மரம் பையில் கொள்ளாமல் போவதற்குப் பாதிக் காரணம் மடிக்கும் முறைதான். உச்சிப் பகுதியை முதலில் கழற்றி அங்கிருந்து கீழே வரவேண்டும். விளக்கு பதித்த மரமானால் ஒரு பகுதியைத் தூக்கும் முன் அடுத்த பகுதியோடு சேரும் மின் இணைப்பைப் பிரித்துவிடுங்கள்; பிரிக்காமல் தூக்கினால் கம்பி உள்ளேயே அறுந்து, அடுத்த டிசம்பரில் பாதி மரம் இருட்டாக நிற்கும். ஒவ்வொரு கிளையிலும் நுனிகளை உள்பக்கம் சேர்த்து, கிளையை மேல்நோக்கித் தண்டோடு ஒட்ட மடக்க வேண்டும். இரண்டு அங்குல அகலத் துணிப்பட்டையால் மூன்று இடத்தில் கட்டினால் போதும். சணலோ கம்பியோ வேண்டாம், அழுத்திய இடத்தில் இலைகள் மடிந்தபடியே நின்றுவிடும். பையில் அடுக்கும்போது ஒரு பகுதியின் தடித்த முனை இந்தப் பக்கம், அடுத்ததன் முனை அந்தப் பக்கம் என்று மாற்றி வையுங்கள். இரும்புக் கால்களைத் தனித் துணியில் சுற்றுவது முக்கியம், பையை உள்ளிருந்து ஓட்டை போடுவது அவற்றின் திருகாணிதான். செயற்கைப் பனி தூவிய மரத்தை இறுக்கிக் கட்டினால் தூவல் கொட்டும், சூடான இடத்தில் வைத்தால் மஞ்சளிக்கும்.

தொகுப்பில் உண்மையிலேயே உருப்படியானது பந்துப்பெட்டி. நான்கு தட்டு, தட்டுக்குப் பதினாறு அறை, அறை ஒவ்வொன்றும் மூன்று அங்குலம். இங்கேதான் ஒரு சிக்கல். மூன்று அங்குலம் என்றால் 7.6 சென்டிமீட்டர்; ஐரோப்பியப் பந்துகளில் மிகவும் பரவலான ஓர் அளவு 8 சென்டிமீட்டர். அதைத் திணித்தால் அட்டைத் தடுப்பு வளைந்து பக்கத்து அறையை நெருக்கும். 6, 7 சென்டிமீட்டர் பந்துகளுக்கு மட்டும் இந்தப் பெட்டி. பெரியவற்றுக்கு நான்கு அங்குல அறை கொண்ட வேறொன்று வேண்டும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய அட்டைதான் இருக்கிறது. அதனால் கனமானவை அடித்தட்டில், ஊதுகண்ணாடி மேல்தட்டில் என்பதை மாற்றாதீர்கள்.

பந்தை மரத்திலிருந்து எடுக்கும்போது உலோக மூடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூடிக்குள் இருக்கும் கம்பி வில் கண்ணாடிக் கழுத்தை உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். மூடி சாய்ந்தால் கழுத்து விளிம்பு சில்லாகும். ஒரு கையால் பந்தைத் தாங்கி, மறு கையால் கொக்கியைக் கிளையிலிருந்து கழற்றுங்கள். கொக்கிகளைத் தனி டப்பாவில் போடாவிட்டால் பக்கத்துப் பந்தில் கீறல் நிச்சயம். ஜெர்மனியின் லௌஷா ஊரில் செய்யப்படுவன போன்ற ஊதுகண்ணாடிப் பந்துகளுக்கு உள்ளே வெள்ளிப் பூச்சும் வெளியே வண்ணமும் இருக்கும். ஈரத்துணி பட்டால் வண்ணம் துணியோடு வந்துவிடும், நீர் உள்ளே போனால் வெள்ளி கறுக்கும். உலர்ந்த மென்தூரிகை ஒன்றே போதும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், அமிலமற்ற டிஷ்யூ தாளில் சுற்றுங்கள்.

பூச்சி வராமலிருக்கப் பெட்டியில் பாச்சை உருண்டை போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அலங்காரப் பெட்டியில் அது கூடவே கூடாது. நாப்தலீன் ஆவி தெர்மகோலையும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். மினுமினுப்பு ஒட்டிய தெர்மகோல் பந்து அடுத்த வருடம் பிசுபிசுவென்று எடுக்கக் கிடைத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். சீரியல் செட்டின் பி.வி.சி. கம்பியும் அதே வேலையைச் செய்யும்: கம்பியை வளையவைக்கச் சேர்த்த வேதிப்பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பொம்மையில் உருகிய கோடு போடும். இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதுமானது.

ரீல்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. விளிம்பு மெல்லிசு, கீழே விழுந்தால் உடையும். பிளக்கைச் செருகி நிறுத்த இடமும் இல்லை. ஒரு முழ நீளத் தடித்த அட்டையில் இரு முனையிலும் பிளவு வெட்டினால் இதே வேலை நடக்கும். எதில் சுற்றினாலும் பிளக் இல்லாத முனையிலிருந்து தொடங்குங்கள். அப்போது பிளக் கடைசியில் வெளியே நிற்கும், அடுத்த வருடம் பிரிக்காமலே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். முழங்கையில் சுற்றும் பழக்கத்தால் கம்பி முறுக்கேறும். எட்டு வடிவில் சுற்றினால் ஏறாது. பேட்டரிப் பெட்டியிலிருந்து செல்களை எடுத்துவிடுவது கட்டாயம். அல்கலைன் செல் கசிந்தால் தகடு அரிக்கும். கசிந்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு மூடலாம்.

வட்டப்பை வளையத்தைத் தூசியிலிருந்து காக்கும், நசுங்காமல் காக்காது. ரிப்பன் முடிச்சுக்குள் டிஷ்யூ தாளைத் திணித்து ஆணியில் தொங்கவிட்டால் பையே வேண்டாம்.

இனி தொகுப்பைத் தைத்தவர்கள் யோசிக்காத விஷயம். அலங்காரம் எல்லாம் ஒரே நாளில் இறங்குவதில்லை. இங்கிலாந்தில் பன்னிரண்டாம் இரவோடு எடுத்துவிட வேண்டும், இல்லையேல் ஆகாது என்பார்கள். அது ஜனவரி 5-ஆ 6-ஆ என்ற தகராறு, எண்ணிக்கையை டிசம்பர் 25-இல் தொடங்குவதா 26-இல் தொடங்குவதா என்பதில் வந்தது. இத்தாலியில் ஜனவரி 6-ஆம் தேதி திருக்காட்சி விழாவோடு பெஃபானா கிழவி பண்டிகையையே கூட்டிப் பெருக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று வழக்கு. வத்திக்கான் சதுக்கத்தின் மரமும் குடிலும் அதற்கு அடுத்த ஞாயிறு வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நிற்பது வழக்கம். ஸ்வீடனில் ஜனவரி 13, கனூட் நாள். பிலிப்பைன்சில் செப்டம்பரிலேயே தொடங்கும் அலங்காரம் ஜனவரி மூன்றாம் ஞாயிறு, குழந்தை இயேசு விழா வரை தொங்கும். போலந்திலும் மெக்சிகோவிலும் குடில் பிப்ரவரி 2 வரை நீடிப்பதுண்டு. மெக்சிகோவில் அன்றுதான் குழந்தை இயேசு சொரூபத்துக்குப் புது உடை உடுத்திக் கோயிலுக்கு எடுத்துச் செல்வார்கள். ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ரஷ்ய, செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளுக்கோ ஜனவரி 7-இல்தான் பண்டிகையே பிறக்கிறது.

எடுக்கும் நாள் வேறானால் பெட்டியும் வேறாக இருக்க வேண்டும். பந்துகளை ஜனவரி முதல் வாரத்தில் மூடிவைத்துவிட்டு, பிப்ரவரியில் குடில் பொம்மைகளுக்காக அதே பெட்டியைத் திறந்து மேலே அடுக்கினால் உடைவது அப்போதுதான். குடில் பொம்மைக்கு மூடி இறுகும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். விரல், கழுதைக் காது, சம்மனசின் சிறகு, இந்த மூன்றும்தான் முதலில் போகும்; அந்த இடங்களை முதலில் டிஷ்யூ தாளால் பொதிந்து, பிறகு முழுப் பொம்மையைச் சுற்ற வேண்டும். குமிழ்த்தாள் போடுவதானால் குமிழ்ப் பக்கம் வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் வண்ணத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழும். நேப்பிள்ஸ் குடில் பொம்மைகளுக்குச் சுடுமண் தலை, கம்பியும் நாரும் சுற்றிய உடல், துணி உடை. அவற்றுக்கு உடைவதைவிடப் பூச்சிதான் பெரிய எதிரி. குடிலில் பரப்பிய உண்மையான பாசியை எடுத்துவைக்கவே வேண்டாம். ஈரம் முழுதும் அதில்தான் இருக்கும்.

வைக்கோல் பொருளுக்கும் இதே கவலை. ஸ்வீடனின் வைக்கோல் ஆட்டைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையோடு பூச்சி சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லையென்றால் வைக்கோலின் மேல் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். (யேவ்லே நகரச் சதுக்கத்தில் 1966 முதல் நிறுத்தும் ராட்சத ஆட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு, பல வருடங்களில் யாராவது கொளுத்திவிட்டிருக்கிறார்கள்.) அதே ஸ்வீடனில் கனூட் நாளன்று குழந்தைகள் மரத்தைச் சுற்றி ஆடி, தொங்கும் மிட்டாயையும் இஞ்சி ரொட்டியையும் கொள்ளையடித்துத் தின்றுவிடுவார்கள். பத்திரப்படுத்தும் கோணத்தில் பார்த்தாலும் சரியான ஏற்பாடு. தின்னக்கூடிய எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. உப்பு மாவு பொம்மை உட்பட எல்லாம் எலியை அழைக்கும்.

ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் செய்யும், மெழுகுதிரிச் சூட்டில் இறக்கை சுழலும் மரக்கோபுரம் வைத்திருப்பவர்கள் மேல் இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டையாக வைக்க வேண்டும். மாட்டியபடியே விட்டால் மரத்தகடு வளைந்து அடுத்த வருடம் சுழலாது. அச்சின் எஃகு முனையையும் அது உட்காரும் கண்ணாடிக் கிண்ணத்தையும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் விட்டால் தூசி பிடிக்கும். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊர்ப் பெயர் கொண்ட ஸ்டாருக்கு 25 முனை: நாற்பக்க முனை 17, முப்பக்க முனை 8. காகித ஸ்டாரானால் பிரித்து, ஒரே வகை முனைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்குங்கள். பிலிப்பைன்சின் சிப்பித்தகட்டால் செய்த ‘பரோல்’ என்னும் ஸ்டார் விளக்கை மட்டும் எதன் அடியிலும் வைக்காமல் துணிபோர்த்தித் தொங்கவிட வேண்டும். தகடு மெல்லியது, மேலே வைக்கும் எடையில் விளிம்பு நொறுங்கும்.

உண்மையான மரம் வைத்தவர்களுக்கு இந்தத் தொகுப்பு எந்த உதவியும் செய்யாது. அவர்களுக்கு வேண்டியது மரத்தை மூடி வெளியேற்றும் மெல்லிய பை. அதை டிசம்பரிலேயே தாங்கியின் அடியில் விரித்துவைத்தால் ஜனவரியில் மேலே இழுத்துக் கட்டிவிடலாம். அதற்கு முன் தாங்கியிலுள்ள நீரை உறிஞ்சி எடுக்கவும், ஜிகினா ஒரு இழைகூட விடாமல் அகற்றவும் வேண்டும். ஜிகினாவோடு மரத்தை அரைத்தால் உரத்துக்கு ஆகாது. கனப்பு அடுப்பில் வெட்டிப் போடுவதும் ஆபத்து, காய்ந்த பிசின் குபீரென்று பற்றும். ஐஸ்லாந்தில் ஜனவரி 6-இல் மூட்டும் சொக்கப்பனை திறந்தவெளியில் நடப்பது. பெர்லின் விலங்குக் காட்சிசாலை யானைகளுக்கு மரம் கொடுக்கிறதே என்றால், அவை விற்காமல் மிஞ்சிய மரங்கள்; வீட்டு மரத்தில் கம்பியும் வேதிப்பொருளும் இருக்கலாம் என்று வாங்குவதில்லை.

ஆக, தொகுப்பாக வாங்காமல் பந்துப்பெட்டியையும், உங்கள் மரத்துக்கு ஓர் அளவு பெரிய பையையும் தனித்தனியாக வாங்குங்கள். மிச்சத்தைக் குடில் பெட்டிக்குச் செலவிடலாம். பரணில் அடுக்கும்போது பந்துப்பெட்டி உள்ளே, மரப்பை அதற்கு முன்னால், சீரியல் செட் எல்லாவற்றுக்கும் முன்னால் கைக்கெட்டும் இடத்தில். அடுத்த முறை மரம் நின்றதும் முதலில் ஏறுவது விளக்கு, பந்து அதற்குப் பிறகுதான்.