பெரம்பூர் ட்ரெக்கிங் சாமான் வாடகைக் கடை: பனி மலைக்குப் போறவங்க நம்பிப் போலாம்

ஜனவரில உத்தராகண்ட்ல இருக்குற கேதார்காந்தா மலை ஏற பெரம்பூர் ஸ்டேஷன் பக்கத்து சந்துல இருக்குற வாடகைக் கடைல தான் ஷூ, ஜாக்கெட், கெய்ட்டர் (ஷூக்குள்ள பனி போவாம கால்ல மாட்டுற உறை), மைக்ரோஸ்பைக் (ஷூ மேல இழுத்து மாட்டுற ரப்பர், அடில சின்னச் சின்ன முள்ளு) எல்லாம் எடுத்தேன். கடைக்கார அண்ணா சைஸ் கேக்கறதுக்கு முன்னாடி, "எந்த மாசம் போறீங்க, உச்சிக்கு எத்தினி மணிக்கு கெளம்புவீங்க"ன்னு கேட்டாரு பாருங்க, அப்பவே நம்பிக்கை வந்துடுச்சு.

ஏன்னா அங்க ஒரே பாதை காலைல ஒரு மாதிரி, மத்தியானம் வேற மாதிரி. விடியறதுக்கு முன்னாடி ஏறுறப்ப பனி இறுகிக் கெடக்கும், ஸ்பைக் முள்ளு நல்லா புடிக்கும், வெயில் ஏறுனதும் அதே பனி இளகி முட்டி வரைக்கும் கால் உள்ள போவும், ஈரப்பனி ஸ்பைக்குக்கு அடில உருண்டை கட்டிக்கும், கம்பால தட்டித் தட்டி தான் நடக்கணும், கெய்ட்டர் இல்லன்னா சாக்ஸ் நனைஞ்சு விரல் மரத்துப் போயிடும். ஏற ஆரம்பிக்குற சாங்க்ரி ஊரு சுமார் 6,400 அடி, உச்சி சுமார் 12,500 அடி, 1,000 மீட்டர் ஏறுனா வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல குறையும், அதுக்கு மேல காத்து வேற. மத்தியதரைக் கடல் பக்கத்துலேர்ந்து வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்னு மழையும் பனியும் கொண்டு வர்ற காத்தழுத்தம் வந்துச்சுன்னா, புதுப் பனி பெஞ்சு நேத்து நடந்த தடமே மூடிப் போவும். காசிமேட்டுல கடலைப் பாத்துட்டு இன்னிக்கு போட் எடுக்க வேணாம்னு நிறுத்துவாங்கல்ல, அந்தக் கண்ணு இந்த மலைக்கும் வேணும். மேல போனா ஸ்வர்கரோகிணி சிகரம் தெரியலாம், இல்ல சுத்தி வெள்ளையா அடைச்சுக்கலாம், ரெண்டுக்கும் தயாரா ஏறுறப்ப ஒவ்வொரு அடியும் முழிச்சிட்டு வைக்கிறோம், எனக்கு பனிக்கால மலை புடிச்சதே அதுக்குத் தான்.

அண்ணா என்னை க்ளவுஸ் போட்டுக்கினே ஸ்பைக்கை மாட்டிக் கழட்டச் சொன்னாரு, குளிர்ல ரப்பர் விறைச்சுக்கும், வெறுங்கையால இழுக்க முடியாதுன்னு. தண்ணி பாட்டிலைத் தலைகீழா வைங்க, மேல்பக்கம் தான் மொதல்ல உறையும்னும் சொன்னாரு, ரெண்டுமே அங்க உதவுச்சு. பக்கத்துல ஒருத்தர் செங்குத்தான ஐஸ்ல ஏற இதே ஸ்பைக் கேட்டாரு, அதுக்கு பெரிய முள்ளு வெச்ச க்ராம்பானும் ஐஸ் ஆக்ஸும் பயிற்சியும் வேணும் தம்பி, இது ஆவாதுன்னு தரவே இல்ல. வர்ற வியாபாரத்தை வேணாம்னு சொல்ற கடை எனக்குத் தெரிஞ்சு கம்மி.

குறைன்னா க்ளவுஸ் தான், ரொம்ப மெல்லிசு, அதை மட்டும் சொந்தமா வாங்கிக்கோங்க. ஜாக்கெட் ஜிப்பையும் கடைலயே ஏத்தி எறக்கிப் பாத்துடுங்க.

டிசம்பர், ஜனவரில 9, 10 சைஸ் ஷூ சீக்கிரம் காலி ஆயிடுது, முன்னாடியே சொல்லி வைங்க, மலைல போடப் போற தடிச்ச சாக்ஸைக் கையோட எடுத்துட்டுப் போயி போட்டுப் பாருங்க.