சி.ஜி.எச்.எஸ். வாழ்நாள் அட்டை: 78,000 ரூபாய் வீண்போகவில்லை

மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிறவர்கள் கிராஜுவிட்டி எவ்வளவு வரும், கம்யூட்டேஷனில் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டு மொத்தத் தொகையாக வாங்குவது) முழு 40 சதவீதத்தையும் விடலாமா, 300 நாள் விடுப்புக்கு என்ன கிடைக்கும் என்று மாதக்கணக்கில் கணக்குப் போடுகிறோம். சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் மருத்துவ அட்டையைப் பற்றி மட்டும் கடைசி வாரத்தில்தான் யோசிக்கிறோம். நானும் அப்படித்தான் விட்டுவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், வேலையில் இருந்தபோது வைத்திருந்த அட்டை தானாகவே பென்ஷனர் அட்டையாக மாறிவிடாது. அதை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான சான்று வாங்கி, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) கைக்கு வரட்டும் என்று நான் காத்திருந்தேன். தற்காலிக பி.பி.ஓ. இருந்தாலே போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் மனைவிக்குத் தலைச்சுற்றல் வந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் கைக்காசில்தான் நடந்தது.

சரி, பணத்துக்கு வருவோம். வருடா வருடம் கட்டலாம், அல்லது பத்து வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டி வாழ்நாள் அட்டை வாங்கலாம். ஊதிய லெவல் 1 முதல் 5 வரை மாதம் 250 ரூபாய், லெவல் 6-க்கு 450, 7 முதல் 11 வரை 650, 12-க்கும் அதற்கு மேலும் 1,000. நான் லெவல் 7, ஆகவே 78,000. கிராஜுவிட்டி வந்த உடனேயே, அது வீட்டு வேலைக்கும் பிள்ளைகளின் தேவைக்கும் கரைந்துபோவதற்கு முன்பே, கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கு அதே வசதி தொடரும். அறுபது வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள இருவருக்குத் தனியார் பாலிசி எடுக்கப் போனால் என்ன நடக்கும் என்பது விசாரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காத்திருப்புக் காலம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு விலக்கு, வயது ஏற ஏற பிரீமியம். இங்கே இவற்றில் ஒன்றுகூட இல்லை.

போன வருடம் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை. சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரி மருத்துவர் எழுதிய பரிந்துரையோடு, திட்டத்தின் பட்டியலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அட்டையைக் காட்டிய பிறகும் முன்பணம் கட்டச் சொன்னார்கள். பென்ஷனர்களுக்குப் பட்டியல் மருத்துவமனையில் பணமில்லா சிகிச்சை என்பது விதி, அதனால் நான் அசையவில்லை. மேலாளரைக் கூப்பிட்டு, மறுப்பதாக இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் அறை கிடைத்தது. சிகிச்சை நன்றாகவே நடந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விதி தெரியாத வயதானவர் ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் கட்டியிருப்பார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனசு கொதிக்கிறது.

அன்றாட மருந்து விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கையிருப்பில் உள்ளதை உடனே தருவார்கள், இல்லாததை இன்டென்ட் போட்டு வரவழைப்பார்கள், நாம் இன்னொரு நடை போய் வாங்க வேண்டும். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய்விடுவது நல்லது. எழுபது வயதைத் தாண்டியவர்கள் பட்டியல் மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைப் பரிந்துரை இல்லாமலே நேராகப் பார்க்கலாம்.

இதன் பெரிய குறை ஊர்தான். டிஸ்பென்சரி உள்ள நகரங்களில் இருப்பவர்களுக்கே முழுப் பலன். ஓய்வுக்குப் பிறகு சொந்தக் கிராமத்துக்குப் போகிறவர்கள் மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப்படியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஒரு நாள் ஐ.சி.யூ.வுக்கே காணாது. வெளிநோயாளிச் செலவுக்கு அந்தப் படி, உள்நோயாளி சிகிச்சைக்கு சி.ஜி.எச்.எஸ். என்று சேர்த்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. சந்தா கட்டத்தான் வேண்டும், அதற்கு அது தகும்.

அப்புறம், அவசரத்துக்குப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தால் சி.ஜி.எச்.எஸ். நிர்ணயித்த கட்டணம் வரைதான் திரும்பக் கிடைக்கும், மிச்சம் நம் தலையில். முடிந்தவர்கள் சிறிய தனியார் பாலிசி ஒன்றையும் வைத்திருங்கள். முதலில் அங்கே கேட்டுவிட்டு மீதியை இங்கே கேட்கலாம், மொத்தம் செலவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். அட்டை வந்ததும் பெயர், பிறந்த தேதி, வார்டு தகுதி மூன்றையும் அன்றைக்கே சரிபாருங்கள். அடிப்படைச் சம்பளம் 50,500-க்கு மேல் இருந்தவர்களுக்குத் தனி அறை உண்டு. தவறாக ஏறியிருந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்த் திருத்தி வாங்கிவிடுங்கள்.