வடிகட்டிய சாறா, அரைத்த கூழா, முழுப் பழமா: அறுபதைக் கடந்தவர்களுக்கான ஒப்பீடு

நம் நகரங்களில் காலை நடைப்பயிற்சி முடித்துப் பூங்காவை விட்டு வெளியே வந்தால், அருகம்புல், வாழைத்தண்டு, வெண்பூசணி, நெல்லி என வகைவகையான சாறுகளை வாசலிலேயே விற்கிறார்கள். ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் சேர்த்து அடிக்கும் ஏபிசி ஜூஸ் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஒரே பழத்தைக் கடித்துத் தின்னலாம், மிக்சியில் அரைத்து அப்படியே குடிக்கலாம், பிழிந்து வடிகட்டியும் குடிக்கலாம். இம்மூன்றும் உடலுக்குள் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதும், வயது கூடக்கூட அந்த வேறுபாடு பெரிதாகிறது என்பதும்தான் இங்கே சொல்ல வருவது.

முழுப் பழத்தையும் வடிகட்டிய சாற்றையும் முதலில் எடுத்துக்கொள்வோம். 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் 2 கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டு. அதே அளவு வடிகட்டிய சாற்றில் அரை கிராம்கூட இருப்பதில்லை. ஆனால் மூன்று பழங்களின் சர்க்கரை முழுவதும் ஒரு தம்ளருக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரையை ஒரு கரண்டிகூடச் சேர்க்காவிட்டாலும், பழச்சாற்றில் இயல்பாக உள்ள இனிப்பைக் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையாகவே உலக சுகாதார நிறுவனம் தன் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கணக்கிடுகிறது. 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்தும் சர்க்கரையும் கொண்ட ஆப்பிளை முழுப் பழமாகவும், மசித்த கூழாகவும், சாறாகவும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்தார்கள். பழத்தைத் தின்ன ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கிலேயே சாறு குடித்து முடிக்கப்பட்டது. சாறு குடித்த பின் இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, ஏறிய இரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கியது. வயிறு நிறைந்த உணர்வும் சாற்றில்தான் மிகக் குறைவாக இருந்தது. கூழ் இரண்டுக்கும் நடுவில் நின்றது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்ளும் முதியவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும்.

எனினும், பல் போனவரிடம் ஆப்பிளைக் கடித்துத் தின்னச் சொல்வது கொடுமை. எழுபத்தெட்டு வயதான என் அம்மாவுக்குப் பொய்ப்பல் கட்டிய பிறகு, அவர் நலம் கருதி நான்தான் தினமும் காலையில் ஏபிசி ஜூஸ் கொடுக்கத் தொடங்கினேன். வெள்ளைத் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தால் சிவந்த சாறு சொட்டும். துணிக்குள் ஒரு கைப்பிடி அளவு திரண்டு நிற்கும் சக்கை ரோஜாத் தொட்டிக்குப் போகும். அவருக்கு இருந்த மலச்சிக்கலுக்கு மருந்தாகியிருக்க வேண்டியது அந்தச் சக்கைதான் என்பது எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் காலையில் மூன்று இட்லி சாப்பிட்டவர் ஒன்றோடு எழத் தொடங்கியிருந்தார். முதுமையில் தசை தானாகவே கரைகிறது. அதைத் தாங்கிப் பிடிக்கப் புரதம் வேண்டும். சாற்றில் புரதம் இல்லை என்றே சொல்லிவிடலாம். சாறு உணவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே அதன் பெரிய ஆபத்து என்று நான் கருதுவது இதனால்தான்.

ஆகவே, மெல்ல முடியாதவர்களுக்கு வடிகட்டாத கூழையே பரிந்துரைப்பேன். நார் பொடிந்தாலும் உள்ளேயே இருக்கிறது. கெட்டியாக இருப்பதால் மெதுவாகத்தான் குடிக்க முடியும். பக்கவாதத்திற்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுபவர்களில் பலருக்கு நீர்த்த பானம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிப் புரையேறும் அபாயம் உண்டு. எந்த அளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதை அவர்களின் மருத்துவரே சொல்ல வேண்டும். மெதுவாகச் சுழலும் விலை உயர்ந்த ஜூஸரா, சாதாரண மிக்சியா என்ற விவாதத்தில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. மிக்சியின் வேகத்தில் அழிவதாகச் சொல்லப்படும் நொதிகள் எப்படியும் இரைப்பையில் செரிக்கப்பட்டுவிடும். அந்த ஜூஸரும் சக்கையைத் தனியே தள்ளிவிடுகிறது.

காய்களில் கேரட்டும் பீட்ரூட்டும் எதிரெதிராக நிற்கின்றன. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கேரட்டின் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால், எண்ணெயும் தேங்காயும் சேர்த்துக் குழைய வேகவைத்த பொரியல் பச்சைச் சாற்றைவிட நன்றாக உடலில் சேரும். பீட்ரூட்டில் சாறு தன் தகுதியைக் காட்டுகிறது. 2008இல் வெளியான லண்டன் ஆய்வில், அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்த ஆரோக்கியமானவர்களின் மேல் இரத்த அழுத்தம் சில மணி நேரத்தில் 10 புள்ளிகள் அளவுக்குக் குறைந்தது. அதிலுள்ள நைட்ரேட் என்னும் உப்பை, இரத்தக் குழாய்களைத் தளர்த்த உதவும் வடிவத்துக்கு நாக்கிலுள்ள பாக்டீரியாக்கள் மாற்றித் தருவதால்தான் இது நடக்கிறது. கிருமிநாசினித் திரவத்தால் வாய் கொப்பளிப்பவர்களுக்கு இந்தப் பலன் குறைந்துவிடும். அதற்காக இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பீட்ரூட்டிலும் பசலை போன்ற கீரைகளிலும், சிறுநீரகத்தில் படிந்து கல்லாகக்கூடிய ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி. தட்டில் வைத்தால் ஒரு கரண்டிக்கு மேல் செல்லாதது, சாறாகும்போது அரைக் கிலோ அளவுக்கு ஒரே மடக்கில் உள்ளே போகிறது. கேரளத்தில் இரும்பன் புளி என்று அழைக்கப்படும், ஆக்சலேட் நிறைந்த பிலிம்பிக்காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பத்து நோயாளிகளைப் பற்றி 2013இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சாற்றிலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் இன்னொரு சுமை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர்கள் திடீரென்று கீரைச் சாறு தொடங்கினால் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

சுரைக்காய்ச் சாற்றைக் குறித்துத் தனியாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 2010இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த அறிவியலாளர் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் நஞ்சு. சாறு எடுக்கும் முன் சிறு துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் தேனோ உப்போ கலந்து மறைக்காமல், காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.