என்ன வேண்டும் என்று தெரிந்தால்தான் எதை விடலாம் என்று தெரியும்: லாஸ்ட் எபோக் நீண்ட நாள் அனுபவம்

லாஸ்ட் எபோக் என்ற கணினி விளையாட்டு முழு வடிவில் வெளியானது 2024 பிப்ரவரி 21 அன்று. அதற்கு முன், எதிரிகளை அடித்து வீழ்த்திக் கதாபாத்திரத்தை வளர்க்கும் ஆக்‌ஷன் ஆர்பிஜி வகையில் நான் எதையும் முறையாக ஆடியதில்லை. டயாப்ளோ என்ற பெயரை மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அப்போது தொடங்கியதை இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறேன். இதன் கதையையும் காட்சி அழகையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் திணறும் இரண்டு இடங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். லூட்டை, அதாவது எதிரிகள் வீழ்ந்தபின் தரையெங்கும் கொட்டிக் கிடக்கும் பொருள்களை, என்ன செய்வது? கதை முடிந்த பிறகு எதை நோக்கி ஆடுவது? இவ்வளவு காலம் ஆடியபின் இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தேடும் பொருள் எது என்று முடிவு செய்யாதவரின் கண்ணுக்கு எல்லாமே தேவைப்படும் பொருளாகத்தான் தெரியும்.

ஐந்து அடிப்படை வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் மாஸ்டரி என்ற சிறப்புப் பிரிவு மூன்று என மொத்தம் 15 வழிகள் இந்த விளையாட்டில் உண்டு. நான் பிரிமலிஸ்ட்டை எடுத்து, அதில் பீஸ்ட்மாஸ்டராகி, ஓநாய்களை முன்னால் ஏவிவிட்டுப் பின்னால் நின்று ஆடுகிறேன். வாள் வீசும் சென்டினல் வகுப்புக்காரருக்குப் பொக்கிஷமாகத் தோன்றும் கையுறையால் எனக்கு ஒரு பயனும் இல்லை. என் விலங்குகளுக்கு வலுவூட்டும் பொருளை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு பொருள் நல்லதா என்று கேட்பதற்கு முன் யாருக்கு என்று கேட்க வேண்டும்.

கதைப் பகுதியில் லூட்டுக்காக அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. அங்கே கிடைக்கும் எதுவும் நெடுநாள் உடன் வராது. காலணியில் நடை வேகம், மற்றவற்றில் ஹெல்த், அவ்வப்போது கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் (அடியைக் குறைக்கும் எதிர்ப்பு) இருந்தால் கதையை முடித்துவிடலாம். ஆனால் ஒரு கணக்கை இப்போதே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ரெசிஸ்டன்ஸ் ஏழு வகை: உடல் அடி, நெருப்பு, குளிர், மின்னல், நெக்ரோடிக், விஷம், வாய்ட். ஒவ்வொன்றுக்கும் உச்சம் 75 சதவீதம். நாம் நிற்கும் பகுதியின் லெவல் ஒன்று கூடினால் எதிரிகள் நம் ரெசிஸ்டன்ஸில் 1 சதவீதத்தை ஊடுருவுவார்கள். அதுவும் 75 வரை போகும். அதாவது, உயர்ந்த பகுதிகளில் 75 வைத்திருப்பவர் சரிசமமாக நிற்கிறார். வைத்திராதவர் கூடுதல் அடி வாங்குகிறார். பில்டு, அதாவது நாம் தேர்ந்தெடுத்த திறன்களும் பொருள்களும், எதுவானாலும் கதைக்குப் பின் வரும் எண்ட்கேமின் முதல் இலக்கு இதுதான். அடுத்தது கிரிட்டிக்கல் எனப்படும் கூடுதல் வலுவான அடியைத் தவிர்க்கும் திறன். அது 100 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் எதிரியின் கிரிட்டிக்கல் அடி நம்மீது விழவே விழாது.

இப்போது, விழும் பொருள்களில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நாம் சொல்லிவைக்கும் லூட் ஃபில்டருக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஷிஃப்ட் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் திறக்கும். வெளியிலிருந்து எதையும் தரவிறக்க வேண்டாம், நிரல் எழுத வேண்டாம். விதிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இரண்டு விதிகள் மோதினால் மேலே இருப்பது ஜெயிக்கும். பட்டியல் இல்லாமல் மளிகைக் கடைக்குப் போகிறவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு புளியை மறந்து வருவார். ஃபில்டர்தான் அந்தப் பட்டியல்.

என் ஃபில்டரின் அமைப்பு இது. எல்லாவற்றுக்கும் அடியில், சாதாரணம், மேஜிக், ரேர் என்ற தரநிலைப் பொருள்கள் அனைத்தையும் மறைத்துவிடு என்று ஒரு விதி. அதற்கு மேல், என் பில்டுக்கு வேண்டிய பண்புகளில் குறைந்தது இரண்டு இருக்கும் ரேர் பொருளைக் காட்டு என்று ஒன்று. அதற்கும் மேல், எக்ஸால்ட்டட் எனப்படும் ஊதா நிறப் பொருள்களைக் காட்டும் விதி. யூனிக், செட் எனப்படும் சிறப்புப் பொருள்கள் எப்போதும் தெரியும். ஐடல் என்ற சிறு சிலைகள் அடிக்கடி விழும். அவற்றில் பிற வகுப்புகளுக்கு உரியதை மட்டும் மறைக்க உச்சியில் ஒரு விதி உண்டு. மிகவும் தேவைப்படும் பண்புக்குக் கண்ணைப் பறிக்கும் நிறம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். அந்த நிறம் திரையில் தெரிந்தால் நிற்பேன். மற்றபடி நிற்பதே இல்லை.

அடிவிதியை முதன்முதலாகப் போடும்போது பலருக்கும் கை நடுங்கும். மறைந்துபோனதில் ஏதாவது நல்லது இருந்திருந்தால் என்ற பயம் இயல்பானதுதான். இந்த வகை விளையாட்டில் கிடைப்பது எப்போதும் தேவையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை நினைத்துக்கொண்டால் பயம் போய்விடும். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் குனிந்து ஆராய்கிறவரைவிட, எக்கோ என்ற சண்டைக்களம் ஒன்றை முடித்து அடுத்த எக்கோவுக்குப் போகிறவருக்கே நல்ல பொருள் சீக்கிரம் கிடைக்கும்.

பொருளைக் கையில் எடுத்தபின் ஃபோர்ஜ் என்ற கைவினைப் பகுதிதான் எல்லாம். ஒரு ஹெல்மெட்டை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு பண்புகளுக்கு இடம் இருக்கும். ஒவ்வொரு பண்புக்கும் படிநிலை உண்டு. வழக்கமாக நாம் ஏற்றக்கூடியது ஐந்தாம் படிவரை. ஆறும் ஏழும் பொருளோடு விழுந்தே கிடைக்க வேண்டும், அப்படி விழுவதற்குத்தான் எக்ஸால்ட்டட் என்று பெயர். ஒவ்வொரு முறை மேம்படுத்தும்போதும் அந்த ஹெல்மெட்டின் ‘ஃபோர்ஜிங் பொடென்ஷியல்’ ஒரு வரம்புக்குள் ஏதோ ஓர் அளவு குறையும். அது தீர்ந்துவிட்டால் அந்தப் பொருளில் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. கிளிஃப் ஆஃப் ஹோப் என்ற கைவினைப் பொருளைச் சேர்த்துச் செய்தால் பொடென்ஷியல் செலவாகாமல் தப்பிக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. பண்பை ஏற்றத் தேவைப்படும் துண்டுகளைப் பெற, வேண்டாத பொருளை ரூன் ஆஃப் ஷாட்டரிங் என்ற இன்னொரு கைவினைப் பொருளைக் கொண்டு உடைத்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பழக்கம் ஒன்று. விழுந்த பொருளில் நான்கு பண்புகளும் ஓரளவு நன்றாக இருக்கின்றனவா என்று நான் பார்ப்பதில்லை. எனக்கு வேண்டிய ஒரே ஒரு பண்பு ஆறாம் அல்லது ஏழாம் படியில் இருக்கிறதா, பொடென்ஷியல் தாராளமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். மற்ற மூன்றை நானே கட்டிக்கொள்ள முடியும். அந்த ஒன்றை என்னால் செய்துகொள்ள முடியாது.

பொருள்களைச் சேமித்துவைக்கும் ஸ்டாஷைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பெட்டிகளை விளையாட்டுத் தங்கத்தாலேயே வாங்கலாம், கைவினைப் பொருள்கள் தனிக் களஞ்சியத்துக்கு ஒரே அழுத்தில் போய்விடும். இனி ஆடப்போகும் இன்னொரு கதாபாத்திரத்துக்கு என்று சேர்ப்பதை மட்டும் ஒரு பெட்டிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். நிரம்பினால் புதிதாக ஒன்று உள்ளே போக, பழையது ஒன்று வெளியே வர வேண்டும்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் மாஜெல்கா நகருக்கு வந்ததும் இரண்டு அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மெர்ச்சன்ட்ஸ் கில்டில் சேர்ந்தால் பஜாரில் மற்ற ஆட்டக்காரர்களிடம் தங்கம் கொடுத்து வாங்கலாம், விற்கலாம். சர்க்கிள் ஆஃப் ஃபார்ச்சூனில் சேர்ந்தால் சந்தை கிடையாது. பதிலாக லூட் கூடுதலாகவும் தரமாகவும் விழும். ஃபேவர் என்ற புள்ளிகளைச் செலவிட்டு ‘ப்ரொபசி’ (முன்னறிவிப்பு) வாங்கி, எந்த வகைப் பொருள் வேண்டும் என்று ஓரளவு நாமே தீர்மானிக்கலாம். புதியவர்களுக்கு நான் சர்க்கிளையே பரிந்துரைப்பேன். சந்தையில் விலை சொல்ல வேண்டுமானால் பிற பில்டுகளுக்கு எது அவசியம் என்றும் தெரிந்திருக்க வேண்டும், ஃபில்டரும் அதற்கேற்ப விரிந்துகொண்டே போகும். சர்க்கிளில் நம் கதாபாத்திரத்தின் தேவை மட்டுமே கணக்கு. கூடுதல் லூட் விழுவதால் ஃபில்டரைச் சீக்கிரமே இறுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கதைக்குப் பிறகான பெருவெளி மோனோலித் ஆஃப் ஃபேட். பத்து டைம்லைன்கள். ஒவ்வொன்றிலும் எக்கோ எனப்படும் சிறு சிறு களங்களை முடித்து, இறுதியில் அதன் தலைவனை வீழ்த்த வேண்டும். வீழ்த்தினால் பிளெஸ்ஸிங் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அது எல்லா இடத்திலும் நம்மோடு இருக்கும். டைம்லைனுக்கு ஒன்று என்ற கணக்கில் இவை சேர்கின்றன. சில பிளெஸ்ஸிங்குகள் பாதுகாப்பைக் கூட்டும், சில குறிப்பிட்ட வகைப் பொருள் விழும் வாய்ப்பைக் கூட்டும். என் கருத்தில் பல ஆயுதங்களைவிட இவற்றுக்கு மதிப்பு அதிகம், ஏனெனில் ஆயுதம் மாறும், பிளெஸ்ஸிங் நிற்கும். தேவையான ரெசிஸ்டன்ஸை ஒரு பிளெஸ்ஸிங் கொடுத்துவிட்டால் அதற்காக ஃபில்டரில் வைத்திருந்த விதியை நீக்கிவிடலாம். அந்த இடத்தில் அடிக்கும் வலுவைத் தேடலாம்.

கடைசி மூன்று டைம்லைன்களையும் முடித்தால் லெவல் 100 பகுதிகளான எம்பவர்டு மோனோலித் திறக்கும். அங்கே கரப்ஷன் என்ற கடினநிலை எண் 100-இல் தொடங்கும். அதை உயர்த்த ஷேட் ஆஃப் ஓரோபிஸ் என்ற எதிரியைக் கொல்ல வேண்டும். கரப்ஷன் ஏற ஏற எதிரிகளின் உயிரும் அடியும் ஏறும், பரிசும் ஏறும். இந்த எண்ணையே இலக்காக வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. கரப்ஷன் ஒரு கருவி. எதற்காக உயர்த்துகிறேன் என்று ஒரு பொருளின் பெயரைச் சொல்ல முடிந்தால் உயர்த்துவேன். ஒவ்வொரு எக்கோவிலும் சாவுக்கு அஞ்சி நகரும் உயரத்தைவிட, வேகமாக முடிக்கக்கூடிய உயரத்தில்தான் பொருளும் மகிழ்ச்சியும் அதிகம் கிடைக்கின்றன.

பொருளின் பெயர் என்றேன். என் இலக்கு நெடுநாளாக ஹெரால்டு ஆஃப் தி ஸ்கரி என்ற ஹெல்மெட்டாக இருந்தது. ஓநாய்களுக்குப் பதில் அணில்களை அழைத்துவரும் யூனிக் அது. பார்க்க விளையாட்டுத்தனமாக இருந்தாலும் பீஸ்ட்மாஸ்டருக்கு அது ஒரு முழுப் பில்டையே தரும். யூனிக்குகளில் லெஜண்டரி பொடென்ஷியல் என்ற எண் இருக்கும். டெம்போரல் சாங்டம் என்ற டன்ஜனுக்கு (நிலவறைக்கு) சாவியோடு போய், அதன் இறுதி எதிரியான ஜூல்ராவை வென்றால், அந்த யூனிக்கையும் நான்கு பண்புகள் கொண்ட எக்ஸால்ட்டட் ஹெல்மெட் ஒன்றையும் இணைத்து லெஜண்டரி செய்யலாம். எண் 2 என்றால் நான்கில் இரண்டு பண்புகள் தாவும். எந்த இரண்டு என்பது அதிர்ஷ்டம்.

இங்கே கணக்குத் தெரிந்தவருக்குத்தான் நிம்மதி. நான்கில் இரண்டை எடுக்க ஆறு வழிகள் உண்டு. இரண்டு பண்புகள் அருமையாகவும் இரண்டு பயனற்றதாகவும் உள்ள ஹெல்மெட்டைக் கொடுத்தால், ஆசைப்பட்ட ஜோடி வர ஆறில் ஒரு வாய்ப்பு; இரண்டும் பயனற்றதாக வரவும் அதே ஆறில் ஒன்று. நான்குமே எனக்கு உதவும் ஹெல்மெட்டைக் கொடுத்தால் எது வந்தாலும் நஷ்டம் இல்லை. ஆகவே அந்த யூனிக் கிடைத்ததும் நேரே ஜூல்ராவிடம் ஓடவில்லை. ஃபில்டரைத் திறந்து, மற்ற எக்ஸால்ட்டட் பொருள்களை எல்லாம் மறைத்தேன். ஹெல்மெட்டை மட்டும், அதுவும் எனக்கு வேண்டிய பண்புகளில் ஒன்று ஏழாம் படியில் இருந்தால் மட்டும், காட்டச் சொன்னேன். திரை கிட்டத்தட்ட வெறுமையாகிவிட்டது. எக்கோக்கள் சரசரவென்று முடிந்தன. எதிர்பார்த்த நிறத்தில் ஒரு பெயர் தரையில் தெரிந்தபோது கொண்ட மகிழ்ச்சியை வேறு எந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை. மீதிப் பண்புகளை ஃபோர்ஜில் கட்டிவிட்டுத்தான் டன்ஜனுக்குப் போனேன். ஹெல்த்தும் ஏழாம் படிப் பண்பும் தாவின.

2024 ஜூலையில் வந்த 1.1 பதிப்பு அபெரோத் என்ற உச்ச எதிரியைச் சேர்த்தது. எம்பவர்டு டைம்லைன்களின் தலைவர்களுக்குப் பின் வரும் பத்து ஹார்பிஞ்சர்களையும் வீழ்த்தினால்தான் அவனிடம் போக முடியும். ‘இனி என்ன’ என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாதை இல்லை. புதிய பருவம் தொடங்கும்போது புதிய கதாபாத்திரத்தோடு எல்லாரும் வெறுங்கையோடு தொடங்குகிறோம், ஆனால் ஃபில்டர் நம்மிடமே இருக்கும். நான் வழக்கமாக விதிகளைத் தளர்த்தி, ரேர் பொருள்களை மீண்டும் காட்டவைத்து, ரெசிஸ்டன்ஸ் நிறையும்வரை அப்படியே ஆடுகிறேன். இணைய வேகம் போதாதவர்களுக்கு ஆஃப்லைன் முறை இருக்கிறது. அங்கே சந்தை இல்லை, சர்க்கிள் ஆஃப் ஃபார்ச்சூனை நம்பி ஆட வேண்டும். நான் மேலே சொன்ன ஃபில்டரும் ஃபோர்ஜும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.